குளத்தை மூடுங்கள், அதைக் கவனிக்க ஆளையும் போடுங்கள்: செம்பனை ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தினருக்கும் மாவட்ட மன்றத்தாருக்கும் வணக்கம்.

மாலையில் காற்று ஆலைப் பக்கமிருந்து வீசத் தொடங்கினால் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளில் சன்னலைச் சாத்திவிடுகிறார்கள். பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை போடுகிறவர்களுக்குச் சாத்துவதற்குச் சன்னல் கிடையாது. தமிழ்ப்பள்ளியின் பின்கட்டு வகுப்பறைகளுக்கும் கழிவுநீர்க் குளங்களுக்கும் நடுவே நான்கு வரிசைச் செம்பனை மரங்கள்தான் நிற்கின்றன. நாற்றத்தைப் பற்றிய புகார்க் கடிதங்கள் உங்கள் மேசையில் ஏற்கெனவே இருக்கும். அந்த நாற்றம் எங்கே பிறக்கிறது, அதோடு சேர்ந்து எவ்வளவு எரிவாயு வீணாகிறது, அதைப் பிடித்துப் பயன்படுத்த என்ன செய்யவேண்டும், செய்த இடங்களில் எது கெட்டுப்போகிறது என்பதை எழுதுவதே இந்த மடலின் வேலை. எழுதுகிறவர்கள் ஆலை ஆய்வுக்கூடத்திலும் குளக்கரையிலும் வேலை தெரிந்தவர்கள். உயிரித் தொழில்நுட்பம் படித்தவர்களும் சேர்ந்திருக்கிறோம்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும் காற்றில்லாக் குளங்களை உறை போட்டு மூடி, அங்கே உண்டாகும் பயோகேஸ் என்ற எரிவாயுவைப் பிடியுங்கள். அதற்கு ஒப்பந்தம் போடும் அன்றே, அந்தக் குளத்தை நாள்தோறும் சோதித்துப் பார்க்கப் பயிற்சி பெற்ற நான்கு பேரையும் வேலைக்கு எடுங்கள். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதைச் செய்வதானால், தயவுசெய்து முதலாவதையும் செய்யாதீர்கள்.

பழக்குலையை நீராவியில் அவிக்கும்போது வடியும் நீர், எண்ணெயைத் தெளியவைத்தபின் அடியில் தங்கும் சகதி, பருப்பையும் ஓட்டையும் பிரிக்கும் இடத்து நீர் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஆலைக் கழிவுநீர். ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 0.65 கன மீட்டர் வரும். வெளியேறும்போது 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் சூடு. புளிப்பு 4 முதல் 5 பிஎச் (7 நடுநிலை; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). ஒரு லிட்டரில் பிஓடி சுமார் 25,000 மில்லிகிராம், சிஓடி 50,000, எண்ணெய் 4,000. பிஓடி என்பது அந்த நீரிலுள்ள கரிமப் பொருளைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு. சிஓடி என்பது அதையே வேதிப்பொருளால் எரித்துத் தீர்க்க வேண்டிய ஆக்சிஜன். இந்த நீர் அப்படியே ஆற்றில் விழுந்தால் ஆற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் அது உறிஞ்சிவிடும். மீன் செத்து மிதப்பது அதனால்தான்; இதில் நச்சுப்பொருள் என்று எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

மலேசியச் செம்பனைத் தொழில் இதை ஒருமுறை வென்று காட்டியிருக்கிறது. 1977ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி ஆற்றில் விடும் நீருக்கான பிஓடி எல்லை 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராமாக இருந்தது. படிப்படியாக இறங்கி 1984இல் 100க்கு வந்தது. அதைச் சாத்தியமாக்கியவை நுண்ணுயிர்கள். வரிசையாகக் குளங்களை வெட்டி, நீரை வாரக்கணக்கில் தேக்கி, அவற்றிடம் வேலையை ஒப்படைத்தார்கள். மகரந்தச் சேர்க்கையிலும் அப்படித்தான். 1981க்கு முன் தோட்டத்துப் பெண்கள் மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் மகரந்தத் தூளை ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த எலாயிடோபியஸ் கமெருனிகஸ் என்ற சின்னக் கூன்வண்டை விட்டபின் அந்த வேலையே இல்லாமல் போயிற்று. உயிர்களிடம் வேலை வாங்குவது உங்களுக்குப் புதிதல்ல என்பதால்தான் இவ்வளவு உறுதியாகக் கேட்கிறோம்.

குளத்துக்குள் நடப்பது நான்கு கட்ட வேலை. முதலில் ஒரு கூட்டம் கொழுப்பையும் மாவுப்பொருளையும் புரதத்தையும் சிறு துண்டுகளாக வெட்டும். அடுத்த கூட்டம் அவற்றைப் புளிக்கவைத்து அமிலமாக்கும். தோசை மாவு புளிப்பதும் இதைப் போன்ற வேலைதான். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசிக் கூட்டம் அவற்றைத் தின்று மீத்தேனை வெளிவிடும். இந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாவே அல்ல, ஆர்க்கியா என்ற தனி வகை. உங்கள் விதிமுறைகள் வந்த அதே 1977இல்தான் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கார்ல் வோஸ் அதைப் பிரித்துக் காட்டினார். ஆய்வுக்கூடத்துச் செய்தியாகத் தோன்றினாலும் ஆலைக்கு இது நேரடியாகப் பொருந்தும். அமிலமாக்கும் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். மீத்தேன் ஆக்கும் கூட்டத்துக்கு நாள்கணக்கில் ஆகும். முந்தைய கூட்டத்துக்கு 5 பிஎச்சிலும் வேலை ஓடும், பிந்தையது 6.8க்குக் கீழே இறங்கினாலே தளர்ந்துவிடும். இந்த வேக வேறுபாடுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர்.

இனிக் கணக்கு. மணிக்கு 45 டன் குலை அரைக்கும் ஆலை நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 720 டன். கழிவுநீர் 468 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 25 கன மீட்டர் பயோகேஸ் என்று குறைத்தே வைத்தாலும் நாளுக்கு 11,700 கன மீட்டர் வரும். அதில் 60 விழுக்காடு மீத்தேன். நல்ல எஞ்சினில் ஒரு கன மீட்டர் பயோகேசுக்கு ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆக 23,400 யூனிட். மாதம் 25 நாள் ஆலை ஓடி, ஒரு வீட்டுக்கு மாதம் 300 யூனிட் என்று வைத்தால் ஏறத்தாழ 2,000 வீட்டுக்கான மின்சாரம். காய்ப்புக் குறைந்த மாதங்களில் இது பாதியாகும். ஒப்பந்தக்காரர் காட்டும் படத்தில் அந்தப் பாதி மாதங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். மீத்தேன் வானத்துக்குப் போனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கும் என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்து வையுங்கள்.

ஆலைக்கு வேண்டிய மின்சாரம் பழ நாரையும் பருப்பு ஓட்டையும் எரிக்கும் பாய்லரிலேயே கிடைக்கிறது, பயோகேசை வைத்து என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காட்டுக்குள் இருக்கும் பல ஆலைகளுக்கு மின்கம்பி எட்டாத தூரம். நம் ஆலை அப்படியல்ல. ஊரே ஆலையின் மதிலை ஒட்டி இருக்கிறது. சேடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு வாரியத்தின் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்து மின்சாரத்தை விற்பது ஒரு வழி. வாயுவைப் பாய்லரிலேயே எரித்து, மிச்சமாகும் பருப்பு ஓட்டை எரிபொருளாக விற்பது இன்னொரு வழி. எஞ்சின் செலவில்லாத இதையே முதல் இரண்டு ஆண்டுக்கு நாங்கள் பரிந்துரைக்கிறோம். குளத்தை நடத்தப் பழகியபின் எஞ்சினை வாங்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளுக்கும் மீத்தேன் பிடிப்பு கட்டாயம். பழைய ஆலை என்பதால் உங்களை அது கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். நாளை மணிக்கு 60 டன்னாக உயர்த்த நினைத்தால் கட்டாயம் வாசலில் வந்து நிற்கும்.

குளத்தின் அளவு: நாளுக்கு 468 கன மீட்டர் நீர் 40 நாள் தங்கவேண்டுமென்றால் 18,700 கன மீட்டர் கொள்ளளவு வேண்டும். இது வரைபடத்து அளவு அல்ல, சகதி போக மிஞ்சும் அளவு. பல ஆண்டு வாராத குளத்தில் பாதி ஆழம் வரை சகதி ஏறியிருந்தால் 40 நாள் என்பது 20 நாளாகிவிடும். மெல்லப் பெருகும் மீத்தேன் கூட்டம் பெருகுவதற்கு முன்பே நீரோடு அடித்துக்கொண்டு போய்விடும். மூடுவதற்கு முன் முழுதாக வாரி, அடியில் ஹெச்டிபிஇ என்ற கெட்டி பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, அதன்மேல் சகதி உறிஞ்சும் குழாய்களைப் பதித்துவிட வேண்டும். மூடியபின் குழாய் போட வழியில்லை. இதை மிச்சம் பிடிக்கிற நிறுவனம் நாலைந்து ஆண்டில் உறையையே கிழித்து எடுக்கவேண்டி வரும். உறை 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஹெச்டிபிஇ. விளிம்பைக் கரையைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் புதைத்து மண்ணடித்து இறுக்கவேண்டும். நம் ஊர் மழையை மறக்கக்கூடாது. 3,500 சதுர மீட்டர் உறையின்மேல் 100 மில்லிமீட்டர் பெய்தால் 350 டன் தண்ணீர் நிற்கும். எடைக் குழாய்களால் உறையில் வாய்க்கால் போலப் பள்ளம் உண்டாக்கி, அங்கே சேரும் நீரைப் பம்பால் இறைக்கவேண்டும். இறைக்காவிட்டால் உறை அமுங்கி வாயுப்பாதை அடைபடும், அல்லது ஒட்டுப்போட்ட இடத்தில் கிழியும்.

அடுத்தது நாங்கள் அதிகம் வலியுறுத்துவது: குளம் எப்படிப் புளித்துப் போகிறது.

முதல் காரணம் சூடு. 85 டிகிரி நீரை நேராக விட்டால் 35 முதல் 42 டிகிரியில் வேலை செய்யும் கூட்டம் செத்துவிடும். 55 டிகிரியில் வேலை செய்யும் வேறு கூட்டமும் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கலாம். ஆனால் ஒரு வாரம் 40, மறு வாரம் 50 என்று ஊசலாடினால் இரண்டு கூட்டமும் நிலைக்காது. குளிரவைக்கும் குளமோ கோபுரமோ தேவை. நுழைவாயிலில் வெப்பமானி ஒன்றும், அதைத் தினமும் எழுதிவைக்க நோட்டும் தேவை.

இரண்டாவது எண்ணெய். எண்ணெயைத் தெளியவைக்கும் தொட்டியில் வால்வு சரியாக மூடாமலோ, மையவிலக்கு எந்திரத்தின் முனைத்துளை தேய்ந்தோ எண்ணெய் கூடுதலாகக் கழிவில் போனால், நீண்ட கொழுப்பமிலங்கள் நுண்ணுயிர்களின்மேல் படலம்போல் ஒட்டி அவற்றின் வாயை அடைத்துவிடும். மேலே ஆடை கட்டி, வாயு வெளியேற இடமில்லாமல் உறை ஒரு பக்கம் மட்டும் புடைக்கும். எண்ணெய்ப் பொறியில் அதை வடித்தெடுங்கள். வடித்த எண்ணெய்க்கும் விலை உண்டு. மண்ணும் குளத்தைக் கெடுக்கும். மழைக்காலத்தில் லாரியில் வரும் குலையோடு ஒட்டிவரும் மணல் அடியில் இறுகிவிட்டால் பம்பால் உறிஞ்ச முடியாது.

மூன்றாவதும் மோசமானதும், திடீர் வெள்ளம். ஹரிராயாவுக்கோ தீபாவளிக்கோ ஆலை ஓய்ந்துவிட்டு, திரும்பத் திறக்கும்போது தேங்கிக் கிடந்த குலையெல்லாம் ஒரே மூச்சில் அரைபடும். செப்டம்பர், அக்டோபர் காய்ப்பு உச்சத்திலும் இதே கதை. பட்டினி கிடந்த குளத்தில் திடுமென முழுச் சுமை விழுந்தால் அமிலக் கூட்டம் பாய்ந்து வேலை செய்யும்; மீத்தேன் கூட்டம் பின்தங்கும்; அமிலம் குவியும்; பிஎச் சரியும்; சரிந்தபின் மீத்தேன் கூட்டம் மேலும் தளரும். பிஎச் மீட்டரில் இது தெரியும்போது காலம் கடந்திருக்கும், ஏனென்றால் நீரிலுள்ள காரத்தன்மை கடைசி வரை பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும். அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் பல நாள் முன்பே எச்சரிக்கை கிடைக்கும்.

டைட்ரேஷன் எனப்படும் அந்தச் சோதனைக்கு ஒரு பியூரெட்டும் (சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) பிஎச் மீட்டரும் போதும். குளத்து நீரை வடிகட்டி 20 மில்லிலிட்டர் எடுங்கள். கலக்கிக்கொண்டே 0.1 நார்மல் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிஎச் 5.0 ஆகும்போது செலவான மில்லிலிட்டரை எழுதுங்கள். தொடர்ந்து 4.4 ஆகும் வரை விட்டு, அதற்கு மேல் செலவானதைத் தனியாக எழுதுங்கள். முதல் எண்ணை 250ஆல் பெருக்கினால் காரத்தன்மை. இரண்டாவதை 1.66ஆல் பெருக்கி, 0.15 கழித்து, 500ஆல் பெருக்கினால் அமிலம். முதல் எண் 16, இரண்டாவது 1.4 என்றால் காரத்தன்மை 4,000, அமிலம் 1,087, விகிதம் 0.27. நன்றாக ஓடும் குளம். 0.3ஐத் தாண்டினால் கவனம். 0.4ஐத் தாண்டினால் அன்றைக்கே தீனியைப் பாதியாகக் குறைத்து, கடைசிக் குளத்திலிருந்து தெளிந்த நீரைத் திருப்பி விடுங்கள். அதில் காரத்தன்மை மிகுதி. அதற்குப் பிறகும் ஏறினால் தீனியை இரண்டு மூன்று நாள் அடியோடு நிறுத்தவேண்டும். சுண்ணாம்பைக் கொட்டிச் சரிசெய்யும் பழக்கம் நல்லதல்ல. அது கரியமில வாயுவை விழுங்கி உறையை உள்ளிழுக்கும். அடியில் கல்லாக இறுகும். அமிலம் குவிந்த காரணம் அப்படியே இருக்கும்.

சோதனைக்கு அரை மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒருமுறை, ஞாயிறு உட்பட. நாங்கள் நான்கு பேர் கேட்பது இதற்காகத்தான். முறை மாற்றி வந்தால்தான் விடுமுறையிலும் ஆள் இருப்பார். எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் வேதியியல் எடுத்துத் தேறி ஊரிலேயே இருக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். மூன்று மாதப் பயிற்சியில் இந்த வேலை பிடிபடும். வெளியூர் நிறுவனம் மாதம் ஒருமுறை வந்து எடுத்துப்போகும் மாதிரியால் புளிக்கும் குளத்தைக் காப்பாற்ற முடியாது.

தொடங்கும் விதமும் முக்கியம். பாலில் உறைமோர் விடுவதுபோல், கொள்ளளவில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை பழைய குளத்துச் சகதியை விட்டு, நாள் சுமையில் பத்தில் ஒரு பங்கோடு ஆரம்பியுங்கள். விகிதம் 0.3க்குக் கீழ் நிலைத்தால் மட்டும் ஏற்றுங்கள். முழுச் சுமைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டு அதற்கேற்பத் தீனியைத் திணித்தால், விழாவன்று குளம் புளித்துக் கிடக்கும்.

வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு 1,500 முதல் 3,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை இருக்கும். எஞ்சினுக்கு 200க்குக் கீழே வரவேண்டும். இதையும் உயிர்களிடமே கொடுக்கலாம். பிளாஸ்டிக் நிரப்பிய கோபுரத்தில் கந்தகம் தின்னும் பாக்டீரியாக்களை வளர்த்து, குளத்தின் தெளிநீரைச் சுற்றவிட்டு, அளவோடு காற்றும் கொடுத்தால் அவை சல்பைடைக் கந்தக அமிலமாக மாற்றிவிடும். காற்று குறைந்தால் மஞ்சள் கந்தகம் படிந்து கோபுரம் அடைபடும். கூடினால் ஆபத்து: காற்றில் 5 முதல் 15 விழுக்காடு மீத்தேன் கலந்தால் வெடிக்கும். ஆகவே ஆக்சிஜன் அளவுமானி இல்லாமல் அந்தக் கோபுரத்தை ஓட்டக்கூடாது. எஞ்சின் நின்ற நேரத்தில் வாயுவை எரிக்க மூடிய தீப்பந்தம் ஒன்றும் கட்டாயம் வேண்டும்; இல்லையென்றால் உறையைத் திறந்துவிடுவார்கள், நாற்றம் முன்னைவிட மோசமாக ஊருக்குள் வரும்.

இதே சல்பைடைப் பற்றி, கெஞ்சிக் கேட்கும் ஒரு வார்த்தை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆபத்து என்றும், நாற்றம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்றும் குழி வாருகிறவர்கள் நம்புகிறார்கள். 100 பிபிஎம்முக்கு மேல் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் தெரியாது, அந்த அளவே உயிருக்கு உடனடி ஆபத்து. ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போகிறவரும் கூடவே விழுகிறார். வாயுமானி, காற்றூதி, வெளியே நின்று கயிறு பிடிக்க ஆள், இறங்க எழுத்து அனுமதி, இவையெல்லாம் இல்லாமல் எந்தக் குழிக்குள்ளும் யாரையும் இறக்காதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும், வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே விதிதான். எச்சரிக்கைப் பலகை மலாயிலும் தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் இருக்கவேண்டும்.

குளத்திலிருந்து வாரியெடுத்த சகதியில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இருக்கின்றன. பழம் உதிர்த்த வெறுங்குலையைத் துருவி அதன்மேல் தெளித்து, ஈரம் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாரம் இருமுறை புரட்டினால், இரண்டு மூன்று மாதத்தில் உரமாகும். குவியலின் நடுவில் 60 டிகிரி ஏறவேண்டும். ஏறாவிட்டால் காற்றோ ஈரமோ போதவில்லை என்று பொருள்.

மாவட்ட மன்றத்தாருக்கு இரண்டு கோரிக்கை. விரிவாக்க விண்ணப்பம் வந்தால், குளத்தை நடத்தும் ஆட்களின் பணியமர்த்தல் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். ஆலை வாசலில் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள்: நேற்றைய விகிதம், குளத்தின் வெப்பம், பிடித்த வாயு, எரித்த வாயு. நான்கே எண். எழுத ஐந்து நிமிடம் ஆகாது. சன்னலைச் சாத்தும் மக்களுக்கு ஏன் சாத்துகிறோம் என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆலை நிர்வாகத்தினரே, ஒப்பந்தக்காரரை அழைப்பதற்கு முன் வரும் வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உயிர்காப்புச் சட்டை போட்ட இரண்டு பேர், வாயுமானியோடு, படகில் போய் முதல் காற்றில்லாக் குளத்தில் பத்து இடத்தில் கம்பு விட்டு, நீர் எவ்வளவு, சகதி எவ்வளவு என்று அளக்கட்டும். அதே நாள் குளத்து நீரில் மேலே சொன்ன டைட்ரேஷனைச் செய்யுங்கள். பியூரெட் இல்லையென்றால் நாங்கள் கொண்டுவருகிறோம். அந்தப் பத்து ஆழமும் விகிதமும் கைக்கு வந்தபின் ஒரு மாலை எங்களை அழையுங்கள். கணக்கை மேசையில் வைத்து உங்களோடு உட்காரக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆலையை ஒட்டி வாழும் ஊர்மக்களுள் இத்தொழில் தெரிந்த சிலர்